வெள்ளிக்கிழமைக் கேள்வி

எனக்கு ஆபீஸ்ல வச்சிருக்கற பேரு கத்தரிக்கோல். முதுகுக்குப் பின்னால மட்டும் இல்ல, நேர்லயும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானும் ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. உள்ளுக்குள்ள அதுல ஒரு பெருமைதான்.

வேலை இதுதான். இன்டர்நெட்ல பேசற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி வேணும், வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. அத யாரும் தானா எழுதி ஒட்டிக்க முடியாது. கம்பெனி, கல்லூரி, ஆஸ்பத்திரி, தெருவுக்குத் தெரு ஒயர் இழுத்து நெட் குடுக்கறவங்க, எல்லாரும் எங்க பதிவகத்துக்கு விண்ணப்பம் போடணும். எத்தன மெஷின், எங்கெங்க இருக்கு, எந்த வழியா வெளிய போகுது, எல்லாத்துக்கும் ஆதாரம் காட்டணும். சரியா இருந்தா முகவரிகள ஒரு கட்டா ஒதுக்கிக் குடுப்போம். பழைய வகை முகவரி கிட்டத்தட்ட தீர்ந்துபோச்சு. புது வகை வேணுங்கற அளவு கிடக்கு, ஆனா பாதி உலகம் இன்னும் பழசுலதான் பேசிட்டிருக்கு. பழசு இல்லாம யாராலயும் கடை நடத்த முடியாது. அதனால கடைசியா மிச்சமிருந்தத, ஆளுக்கு ஒரே கட்டு, இருநூத்தி ஐம்பத்தாறு முகவரி, அதுக்கு மேல ஒண்ணுகூட கிடையாதுன்னு பிரிச்சுக் குடுத்துட்டிருந்தோம்.

தாராளமா குடுத்த காலத்துல இருந்தே நான் இங்க இருக்கேன். ஆயிரம் கேப்பான், தோண்டிப் பாத்தா அறுபது மெஷின்தான் இருக்கும். ஒருத்தன் இழுத்து மூடின கிளைகளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்டான். இன்னொருத்தன் ஆபீஸ் காபி மெஷினையும் கணக்குல சேர்த்திருந்தான். காபி மெஷினுக்கு எதுக்குய்யா முகவரி, அதுக்கு யாராவது லெட்டர் போடப்போறாங்களான்னு எழுதியே கேட்டேன். கேட்டதுல முக்கால்வாசிய வெட்டிட்டுத்தான் குடுப்பேன், அப்படி வந்த பேருதான் கத்தரிக்கோல். பொய்ய மோப்பம் பிடிக்கறதுல இவள அடிச்சுக்க ஆளில்லன்னு மேலாளரே நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கார். அடுத்தவங்க பொய்யத்தான்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்துலயும் இருக்காது. விண்ணப்பம் வந்து ரெண்டு வேலை நாளுக்குள்ள நாங்க ஏதாவது பதில் சொல்லியாகணும். சொல்லலன்னா திரையில அந்த ஃபைல் சிவப்பாயிடும். மாசக் கடைசில யார் மேசையில எத்தன சிவப்புன்னு எண்ணுவாங்க. ஆனா விண்ணப்பிச்சவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு அனுப்பிட்டா அந்தக் கடிகாரம் நின்னுடும். இனி அவங்க பாடு. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசையில மிச்சமிருக்கற ஃபைலுக்கெல்லாம் தலைக்கு ஒரு கேள்வியப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவோம். வரைபடத்தை இன்னும் தெளிவாக அனுப்பவும். இந்தக் கடிதத்தின் நகலை இணைக்கவும். இந்த மாதிரி ஏதாவது. இதுக்குப் பேரே வெள்ளிக்கிழமைக் கேள்வி. பக்கத்து மேசைக்காரர் எதையும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ற ஆளு, அவருக்குத் தவணைன்னு பேரு. அவர் இருபது கேள்விய ஒரு தாள்ல அழகா எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கார். யார் வேணும்னாலும் எட்டிப் பாத்து ஒண்ணு எடுத்துக்கலாம்.

முகவரி நிறைய இருந்தப்ப இதனால யாருக்கும் பெரிய சேதமில்ல. திங்கக்கிழமை பதில் வரும், குடுத்துட்டுப் போவோம். ஆனா கடைசிக் கட்டுகளுக்குன்னு ஒரு விதி வந்துச்சு. விண்ணப்பம் எந்த நிமிஷம் முழுமையாகுதோ, அதுதான் வரிசையில அவங்க இடம். நாங்க ஒரு கேள்வி கேட்டுட்டா, பதில் வர்ற நேரந்தான் அவங்க நேரம். அதாவது சும்மா ஒப்புக்குப் போடற ஒரு கேள்வி, ஒருத்தர வரிசையோட வாலுக்குத் தள்ளிடும். விதி மாறிச்சு. எங்க வழக்கம் மாறல. அது எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.

அந்த வெள்ளிக்கிழமை மூணே முக்காலுக்கு என் மேசையில ஒரே ஒரு ஃபைல் பாக்கி. மலைச்சரிவுல நானூறு வீட்டுக்கு நெட் குடுக்கற ஒரு சின்ன நிறுவனம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், கூட ஆறு பேர், அவ்வளவுதான். முகப்புக் கடிதத்த அந்தம்மா எழுதியிருந்தாங்க. இதுவரைக்கும் ஒரு பெரிய கம்பெனிகிட்ட முகவரிகள இரவல் வாங்கி ஓட்டறோம், இந்த மாசத்தோட அவங்க திருப்பிக் கேக்கறாங்க, இல்லன்னா நிறுவனத்தையே எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்கன்னு சொல்றாங்க, சொந்தமா ஒரு கட்டு இருந்தா நாங்க பிழைச்சுக்குவோம். இதுதான் விஷயம். தேன் தடவல, அழுது புலம்பல, ஒரு மெஷின்கூட ஏத்திச் சொல்லல. இணைப்பு மொத்தம் பன்னெண்டு. நான் மூணைத் திறந்து பாத்தேன். மூணும் சுத்தம். நாலாவதுல கை வைக்கும்போது அக்கா ஃபோன்.

"ஏய், எங்கடி இருக்க? ஃப்ரிட்ஜ் வந்து வாசல்ல நிக்குது. உள்ள நுழைய மாட்டேங்குது."

"அளந்து பாத்துதான வாங்கின?"

"ஃப்ரிட்ஜ அளந்தேன். கதவ அளக்கல."

அக்கா அந்த வாரந்தான் வீடு மாறியிருந்தா. நாலு மணிக்கு வந்து கூடமாட நிக்கறேன்னு நான்தான் வாக்குக் குடுத்திருந்தேன். மிச்ச ஒன்பது இணைப்பையும் பாக்கறதுன்னா அரை மணி நேரம் ஆகும். பாக்காம போனா திங்கக்கிழமை காலைல சிவப்பு. தவணையோட மேசைய எட்டிப் பாத்தேன். ஏழாவது கேள்வி கண்ணுல பட்டுச்சு. உங்கள் முகவரிகளைத் தன் வழியாக எடுத்துச்செல்ல இரண்டாவது இணைப்பு நிறுவனம் ஒப்புக்கொண்ட கடிதத்தை இணைக்கவும். அடிச்சேன், அனுப்பினேன், பையத் தூக்கிட்டுக் கிளம்பினேன். கையிருப்புல இன்னும் எத்தன கட்டுன்னு திரையோட மேல் மூலையில எப்பவும் தெரியும். பதினொண்ணுன்னு இருந்துச்சு. பாத்துட்டுத்தான் போனேன். ரெண்டு வாரம் தாங்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அக்கா வீட்டுல கதவக் கழட்டி வச்சுத்தான் ஃப்ரிட்ஜ உள்ள விட்டோம். உள்ள போனப்புறம் சமையலறைக் கதவுக்கு அது இன்னும் ரெண்டு விரல் பெருசு. கடைசில ஃப்ரிட்ஜ் கூடத்துலயே உக்காந்துடுச்சு. வர்றவங்களுக்கெல்லாம் அதான் முதல்ல வணக்கம் சொல்லும்போலன்னு நான் சொல்ல, ரெண்டு பேரும் தரையில உக்காந்து சிரிச்சு வயிறு வலிச்சுது. இப்ப அந்தச் சிரிப்ப நெனச்சா உடம்பு கூசுது.

திங்கக்கிழமை நான் வர்றதுக்குள்ள நிலவரமே வேற. முகவரி தீரப்போகுதுன்னு எங்கயோ சேதி பரவி, மாசக்கணக்குல பதில் போடாம இழுத்தடிச்சவங்கெல்லாம் சனி ஞாயிறுல அடிச்சுப் பிடிச்சு பதில் போட்டிருந்தாங்க. வரிசைப்படி எங்க எல்லார் மேசைக்கும் பிரிஞ்சு வந்துச்சு. பதினொண்ணாவது கட்டு என் கைக்கு. ஒரே ரூம்ல ஒரே ஆள வச்சு நடத்தற கம்பெனி, போன மாசந்தான் பதிவானது. எனக்கு எங்கயோ இடிச்சுது. ஆனா பேப்பர் பக்கா. குறை காட்டாம மறுக்க எனக்கு அதிகாரமில்ல. ஒன்பது நாப்பதுக்கு ஒதுக்கினேன். மேல் மூலையில பூஜ்யம் வந்துச்சு. தவணை எழுந்து நின்னு கை தட்டினார். இனிமே நமக்கு வேலையே இல்லன்னு யாரோ சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க.

பத்து பத்துக்கு மலைச்சரிவுல இருந்து பதில் வந்துச்சு. தாமதத்துக்கு மன்னிக்கணும், வெள்ளிக்கிழமை அடிச்ச காத்துல கம்பங்கள் சாஞ்சு ரெண்டு நாளும் எல்லாரும் வெளியிலயே இருந்தோம், கேட்ட கடிதத்தை மறுபடியும் இணைச்சிருக்கேன்.

மறுபடியும்னு படிச்சதும் கை நின்னுடுச்சு. பழைய இணைப்புகளுக்குப் போனேன். ஒன்பதாவது. நான் கேட்ட அதே கடிதம், முத்திரையோட, கையெழுத்தோட, பளிச்சுன்னு. முதல் நாள்ல இருந்தே அங்கதான் இருந்திருக்கு. இன்னும் ஆறு தடவ விரலால தட்டியிருந்தா நான் அதப் பாத்திருப்பேன். வெள்ளிக்கிழமையே அவங்களுக்கு ஒரு கட்டக் குடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அத நான் மறைக்கப்போறதில்ல. ஒதுக்கின அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும், தப்பு எங்க பக்கம்னு மேலாளர்கிட்ட எழுதிக் குடுத்தா, கடைசிக் கட்ட நிறுத்தி வச்சு வரிசையத் திருத்தலாம். அஞ்சுக்கு மேல அது வெளிய போயிடும், உலகம் பூரா அந்தக் கம்பெனி பேர்ல பதிஞ்சிடும், அப்புறம் தலைகீழா நின்னாலும் முடியாது. எழுத வேண்டியது ரெண்டே வரி. இணைப்புகளைத் திறக்காமலே கேள்வி கேட்டேன், கேட்ட கடிதம் ஏற்கெனவே இருந்தது. அடுத்தவன் காபி மெஷின விடாம எண்ணின கத்தரிக்கோல், பன்னெண்டுல ஒன்பதத் திறக்கவே இல்லன்னு தன் கையால எழுதணும்.

தவணைகிட்ட மெதுவா சொன்னேன்.

"விடுங்க," ன்னார். "எல்லாரும் போடற கேள்விதான? நீங்க எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லா ஃபைலையும் தோண்டுவாங்க. மொத்தப் பேருக்கும் ஆப்பு. அவங்களுக்கும் ஒண்ணும் குடி முழுகிடல, காத்திருக்கறவங்க பட்டியல்ல முதல் இடம் கிடைக்கும். எவனாவது ஒரு கட்டத் திருப்பிக் குடுத்தா அவங்களுக்குத்தான்."

"எவன் திருப்பிக் குடுப்பான்?"

"குடுப்பாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்."

மூணு மணிக்கு மேலாளர் அறை வரைக்கும் போனேன். கதவு சாத்தியிருந்துச்சு, உள்ள பேச்சுக்குரல். தட்டியிருக்கலாம். ஒரு கடுதாசிய எழுதிக் கதவடியில தள்ளியிருக்கலாம். கதவு சாத்தியிருக்குன்னு எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதத்தான் இன்னிக்கு வரைக்கும் என்னால மன்னிக்க முடியல. திரும்பி வந்து உக்காந்தேன். அஞ்சு மணி ஆச்சு. மலைச்சரிவுக்கு ஒரு கடிதம் தானா போச்சு. உங்கள் விண்ணப்பம் முழுமை பெறுவதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது, பட்டியலில் உங்கள் எண் ஒன்று.

அந்த ஒத்த ரூம் கம்பெனி ரெண்டே வாரத்துல முகவரிகள மத்தவங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு மெஷின்கூட இல்ல அவங்ககிட்ட.

மூணாவது வாரம் மலைச்சரிவுக்காரங்க ரெண்டு பேரும் நேர்லயே வந்துட்டாங்க. எட்டு மணி நேரம் பஸ்ல வந்தோம்னு வரவேற்புல சொன்னாங்களாம். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறையில உக்கார வச்சிருந்தாங்க. அவர் நெடுநெடுன்னு உயரம், உள்ளங்கை பூரா ஒயர் இழுத்த தழும்பு, நாற்காலியோட நுனியில உக்காந்திருந்தார். எங்க பக்கம் கம்பத்துக்காரர்னு கேட்டாத்தான் மேடம் எல்லாருக்கும் தெரியும்னு சொல்லிச் சிரிச்சார். அந்தம்மா மூக்குக் கண்ணாடி, மடியில ஒரு ஃபைல், பக்கத்துக்குப் பக்கம் கலர் காகிதம் ஒட்டி அடையாளம் வச்சிருந்தாங்க. நான் லேப்டாப்பத் திறந்து வச்சு எதிர்ல உக்காந்தேன்.

"சண்டைக்கு வரல மேடம்," ன்னார் அவர். "எந்தப் பேப்பர் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவ திருத்திக்கலாம். அதுக்குத்தான்."

"இப்ப எப்படி ஓட்டறீங்க?" ன்னு கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பெரிய கம்பெனிகிட்ட கால்ல விழாத குறையா கேட்டு முப்பத்திரண்டு முகவரி வாங்கியிருக்கோம், மாசா மாசம் புதுப்பிக்கணும். நானூறு வீடும் அதுக்குள்ளதான் நெருக்கியடிச்சுப் போகுது. இத்தன பேர் ஒரே முகவரியில இருந்து வந்தா பேங்க்காரன் திருடன்னு நெனச்சுக் கதவச் சாத்தறான். பிள்ளைங்க பரீட்சை எழுதறப்ப பாதியில நின்னுடுது. நாப்பது வீடு வேற இடத்துக்குப் போயிட்டாங்க. இன்னும் ஆறு மாசம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இழுப்போம். அதுக்குள்ள ஒரு கட்டு வரலன்னா, சாவிய அவன் கைல குடுத்துட்டு அவன்கிட்டயே சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தி, பொண்டாட்டி பக்கம் தலைய ஆட்டினார். "பேப்பரெல்லாம் இவதான். மளிகைச் சீட்டக்கூட ரெண்டு தடவ படிக்கறவ மேடம். இதுல எப்படிக் கோட்டை விட்டான்னு எனக்கு இன்னும் பிடிபடல. மூணு வாரமா வீட்ல இதே பேச்சுதான். பேச்சுன்னா, நான் பேசறேன், இவ கேட்டுட்டிருக்கா."

அந்தம்மா தலை குனியல. நேரா என்னையே பாத்துட்டிருந்தாங்க. என் திரையில அந்த ஒன்பதாவது இணைப்பு திறந்தே இருந்துச்சு. லேப்டாப்ப அப்படியே அவங்க பக்கம் திருப்பியிருந்தா போதும்.

"முதல்ல வந்த கடிதம் அவ்வளவு தெளிவா இல்ல," ன்னேன். "முத்திர சரியா விழல."

இத்தன வருஷம் அடுத்தவங்க பொய்ய உக்காந்து படிச்சதாலயோ என்னவோ, எனக்கு அது தடங்கலே இல்லாம வந்துச்சு.

அவர் மெல்ல அவங்க பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல? அந்த ஸ்கேனரத் தூக்கிப் போடுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அந்தம்மா ஃபைல்ல ஒட்டியிருந்த ஒரு கலர் காகிதத்த விரலால நீவிட்டிருந்தாங்க.

"ஆமாங்க. நான்தான் கவனிக்கல," ன்னாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "மன்னிச்சுக்கங்க மேடம். எங்களால உங்களுக்கும் வீண் சிரமம்."

"பரவால்ல," ன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

அதுக்கப்புறம் எனக்கு எதுவும் ஒழுங்கா ஓடல. சோறு இறங்கல. ஒரு ஃபைலத் திறந்தா எல்லா இணைப்பையும் நாலு நாலு தடவ திறந்து திறந்து மூடினேன், வேலை மலை மாதிரி குவிஞ்சுது. ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனா, கூடத்துல அந்த ஃப்ரிட்ஜ். அக்கா ஒரு தடவதான் என்னடின்னு கேட்டா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். நீ அவசரப்படுத்தினதாலதான்னு கடைசில ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிட்டேன்.

அக்கா கைல இருந்த பாத்திரத்தக் கீழ வச்சா. "என் தலைல போடாத. ஃப்ரிட்ஜ் வாசல்ல நின்னது வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உன்ன எந்த ஃப்ரிட்ஜ் பிடிச்சு வச்சிருந்துச்சு?"

அவ கீழ வச்ச பாத்திரத்த எடுத்து நான் அலமாரில வச்சேன்.

"கட்ட உன்னால குடுக்க முடியாது, சரி. அந்தப் பொண்ணு பண்ணாத தப்புக்கு அவ வீட்ல தினம் பாட்டு வாங்கிட்டிருக்கா. அதையாவது நிறுத்தலாம்ல? ஃபோன் பண்ணிச் சொல்லித் தொலை."

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போனப்புறம், மாடிப்படியில நின்னு ஃபோன் பண்ணினேன். அந்தம்மாதான் எடுத்தாங்க. நான் யாருன்னு சொன்னதும், "சொல்லுங்க மேடம், கட்டு ஏதாவது வந்திருக்கா?" ன்னு கேட்டாங்க. அந்தக் குரல்ல இருந்த ஆசையக் கேட்டதும் வச்சிடலாம்னு தோணிச்சு. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன். கடிதம் முதல்லயே இருந்துச்சு, தெளிவா இருந்துச்சு, நான் திறக்கவே இல்ல, அன்னிக்கு உங்க முன்னாடி சொன்னதும் பொய்.

"தெரியும் மேடம்," ன்னாங்க.

நான் படியில உக்காந்துட்டேன்.

"உங்க விண்ணப்பப் பக்கத்துல இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேர்த்திருக்காங்க. நாங்க அனுப்பின எந்தப் பேப்பர நீங்க எப்பத் திறந்தீங்கன்னு எங்க பக்கம் தெரியும். முதல்ல அனுப்பின அந்தக் கடிதத்த திங்கக்கிழமை பத்தே காலுக்குத்தான் திறந்திருக்கீங்க. நான் அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு நான்தான் கவனிக்கலன்னு சொன்னீங்க?"

"எங்க ஃபைலப் பாக்கறது நீங்கதான மேடம்? நாளைக்கு ஒரு கட்டு வந்தாலும் உங்க மேசைக்குத்தான வரும். உங்களப் பகைச்சுக்கிட்டு நாங்க எங்க போறது?"

கோவமே இல்ல அந்தக் குரல்ல. நாலு வார்த்த திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே பேசறேன். மேலாளர்கிட்டயும் எழுதிக் குடுத்துடறேன்," ன்னேன்.

"வேண்டாம் மேடம்," ன்னாங்க, சட்டுன்னு. "அவருக்குத் தெரிஞ்சா வக்கீல் அது இதுன்னு கிளம்பிடுவாரு. வழக்குன்னு வந்தா நீங்க ஃபைல ஓரமா வச்சிடுவீங்க. எங்களுக்கு இருக்கறதே ஆறு மாசம். நீங்க எழுதிக் குடுத்தாலும் உங்கள வேற எங்கயாவது தூக்கிப் போட்டுட்டு, புதுசா வர்றவங்க முதல்ல இருந்து எங்களக் கேள்வி கேப்பாங்க. கட்டு எங்க கைக்கு வர்ற வரைக்கும் தப்பு என்னுதாவே இருந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவ எல்லாத்தையும் திறந்து பாருங்க. அது போதும்."

அவங்களுக்குப் பின்னால ஏதோ இரும்புச் சத்தம், அப்புறம் கம்பத்துக்காரரோட குரல். யாருன்னு கேட்டார்.

"பதிவகத்து மேடம்ங்க," ன்னு அந்தம்மா அவர்கிட்ட சொல்றது கேட்டுச்சு. "பட்டியல்ல நாமதான் இன்னும் முதல்ல இருக்கோமாம். அதச் சொல்லணும்னு கூப்பிட்டாங்க."

"அப்படியா? இதுக்காகக் கூப்பிட்டாங்களா? இந்தக் காலத்துல யாரு இவ்வளவு அக்கறையா கூப்பிட்டுச் சொல்றா. நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு மேடத்துகிட்ட சொல்லு."

"கேட்டுச்சா மேடம்?" ன்னாங்க அந்தம்மா.

"கேட்டுச்சுங்க," ன்னேன்.